மலைவீட்டு இசைப்பதிவுக்கு எந்தக் கணினி?

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மேக் வாங்கலாமா, விண்டோஸே போதுமா?" என்பதுதான். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் புதுப் பாட்டுப் போட நினைக்கும் கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் இளைஞர்களும் கேட்கிறார்கள். குன்னூரில் தேவாலயப் பாடற்குழு நடத்தும் ஆசிரியைகளும் கேட்கிறார்கள். கேட்பவர் கையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு மடிக்கணினி இருக்கும். அது உதவாது, ஸ்டுடியோக்களில் இருப்பதைப் போல ஒரு வெள்ளிநிற மேக் இருந்தால்தான் பாட்டு பாட்டாக வரும் என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள்.

அந்தப் பயத்தை முதலிலேயே போக்கிவிடலாம். மைக்கும் இன்டர்ஃபேஸும் அமைப்பும் ஒரே மாதிரி இருந்தால், மேக்கில் பதிவாகும் குரலுக்கும் விண்டோஸிலோ லினக்ஸிலோ பதிவாகும் குரலுக்கும் வேறுபாடு இல்லை. குரலை எண்களாக மாற்றும் வேலை கணினிக்கு வெளியே, ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டிக்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டி விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாக எழுதி, யுஎஸ்பி கம்பி வழியாக அனுப்புகிறது. கணினி அதை வாங்கி எழுதி வைத்துக்கொள்கிறது. எண்களில் மேக் எண், விண்டோஸ் எண் என்ற சாதி கிடையாது.

வேறுபாடெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. பாடுகிறவரின் காதுக்கு அவருடைய குரல் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது? நீங்கள் விரும்பும் மென்பொருள் அந்தக் கணினியில் ஓடுமா? கெட்டுப்போனால் யார் சரி செய்வார்கள்? சென்னையில் இருப்பவர் கடைசிக் கேள்வியை யோசிக்கவே மாட்டார். மலையில் குடியிருப்பவர் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு முன்னால், தொழில்நுட்பம் கொஞ்சம் புரிந்தாக வேண்டும்.

குரல் போய்த் திரும்பும் நேரம்

ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருவர் பாடுகிறார். குரல் மைக்கில் நுழைகிறது, இன்டர்ஃபேஸில் எண்ணாகிறது, கணினிக்குள் ஒலிப்பதிவு மென்பொருளுக்குப் போகிறது, அங்கே கொஞ்சம் எதிரொலி சேர்த்துக்கொள்கிறது, மறுபடி இன்டர்ஃபேஸுக்கு வந்து ஒலியாகி அவர் காதில் விழுகிறது. இந்தச் சுற்றுக்கு ஆகும் நேரம்தான் லேட்டன்சி.

கணினி எண்களை ஒவ்வொன்றாக வாங்கி வேலை செய்வதில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் ஒவ்வோர் இலைக்கும் எடை போடும் இடத்துக்கு ஓடுவாரா? கூடை நிறைந்த பிறகுதான் போவார். கணினிக்குள் இருக்கும் கூடையின் பெயர் பஃபர். கூடை சிறியதானால் நடை அதிகம். ஆனால் கொழுந்து உடனுக்குடன் போய்ச் சேரும். கூடை பெரியதானால் நடை மிச்சம், தாமதம் அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 எண்கள் என்ற வேகத்தில், 64 எண்கள் கொண்ட பஃபர் நிறைய 1.3 மில்லி விநாடி ஆகும். 128 என்றால் 2.7, 256 என்றால் 5.3, 1,024 என்றால் 21.3. இது ஒரு வழிக்கு மட்டும். போகவும் வரவும் சேர்த்தால் இரட்டிப்பாகும்; இன்டர்ஃபேஸும், அதைக் கணினியோடு பேசவைக்கும் ட்ரைவர் என்ற சிறு மென்பொருளும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் மேல் ஏறும். மொத்தம் 10 மில்லி விநாடியை ஒட்டி நின்றால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு தெரிவதில்லை. காற்றில் ஒலி அந்த நேரத்தில் ஏறக்குறைய 3.4 மீட்டர் போகும். ஊட்டிக் குளிரில் சற்றே குறைவாக. அறையின் மறுகோடியில் நின்று அடிக்கிற தாளம் நம்மை வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவுதான். 30, 40 என்று ஏறும்போதுதான் வினை. பாடுகிறவர் தன் குரலையே துரத்திக்கொண்டு பாடுவார், தாளம் நழுவும், பழி பாடகர் மேல் விழும்.

அப்படியானால் பஃபரை ஒரேயடியாக 32-க்கு இறக்கிவிடலாமே என்று தோன்றும். பஃபர் சிறுத்தால் ஒவ்வொரு தவணையையும் முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் அவகாசமும் சிறுக்கும். ஒரு தவணை தவறினால் அந்த இடத்தில் ஒலி அறுந்து, 'டக்' என்று ஒரு சத்தம் பதிவில் உட்கார்ந்துகொள்ளும். நல்ல கணினி என்று இசைக்காரர்கள் சொல்வது, சின்னப் பஃபரிலும் தவணை தவறாத கணினியைத்தான். பிராசஸரின் வேகம் அதில் ஒரு பங்கு. ட்ரைவரின் ஒழுங்கு இன்னொரு பங்கு, அது பல நேரங்களில் பெரிய பங்கு.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் பாடுகிறவரின் குரல் கணினிக்குள் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராக ஹெட்போனுக்குத் திரும்பிவிடும். தாமதம் தெரியாது, எதிரொலி மட்டும் இருக்காது. குரலும் புல்லாங்குழலும் மட்டும் பதிவு செய்கிறவருக்கு லேட்டன்சி என்ற பிரச்சினையே இதோடு தீர்ந்தது. கீபோர்டை அமுக்கிக் கணினிக்குள் இருக்கும் வீணையை ஒலிக்க வைப்பவருக்கும், எலெக்ட்ரிக் கிடாரைக் கணினிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்க விரும்புபவருக்கும் இந்தக் குறுக்குவழி பயன்படாது. அவர்கள் வாசிக்கும் ஒலியே கணினிக்குள்தான் பிறக்கிறது.

ஒரு கணினியின் உண்மையான லேட்டன்சியை யாரையும் கேட்காமல் நீங்களே அளக்கலாம். இன்டர்ஃபேஸின் ஒலி வெளியேறும் துளையிலிருந்து ஒரு சின்னக் கம்பியை எடுத்து, அதன் உள்வாங்கும் துளையிலேயே செருகுங்கள். ஒலி அளவைக் குறைவாக வைத்து, மென்பொருளில் ட்ராக் எனப்படும் தனி ஒலிவரிசை ஒன்றில் 'டிக், டிக்' என்று தாளச் சத்தத்தை ஓடவிட்டு, இன்னொரு ட்ராக்கில் அதையே பதிவு செய்யுங்கள். தாமதத்தைத் தானாக ஈடுகட்டும் அமைப்பு மென்பொருளில் இருந்தால் சோதனைக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். பதிவானதும் திரையை நன்றாகப் பெரிதாக்கினால், மேலே ஒரு முள், கீழே சற்று வலப்பக்கம் தள்ளி அதே முள் தெரியும். இரண்டுக்கும் இடையில் 480 எண்கள் இருந்தால் 10 மில்லி விநாடி. பஃபரை மாற்றி மாற்றி இதைச் செய்தால், எந்த அளவில் ஒலி அறுகிறது, எந்த அளவில் நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும். நண்பரின் கணினியில் சோதித்துப் பார்த்துவிட்டு அதே மாதிரியை வாங்குவதற்கு இணையான பரிந்துரை எதுவும் இல்லை.

மூன்று வீடுகள், மூன்று குணங்கள்

மேக்குக்கு ஸ்டுடியோக்களில் கிடைத்த மதிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதன் இயங்குதளத்தில் கோர் ஆடியோ என்ற ஒலிப்பாதை உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. தனி ட்ரைவர் கேட்காத வகை இன்டர்ஃபேஸைச் செருகினால், எதையும் நிறுவாமல் அப்படியே வேலை செய்யும். கராஜ்பேண்ட் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசமாக வருகிறது. அது போதாதபோது லாஜிக் புரோவுக்குப் போகலாம், பழைய பதிவுகள் அதில் அப்படியே திறக்கும். லாஜிக் மேக்கில் மட்டுமே ஓடும். எப்போதும் அப்படி இருந்ததில்லை. ஈமேஜிக் என்ற ஜெர்மன் நிறுவனம் அதை விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் செய்துகொண்டிருந்தது. 2002-இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது, விண்டோஸ் பதிப்பு நின்றது. மென்பொருளை நம்பிக் கணினி வாங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய வரலாறு இது.

2020 நவம்பரில் வந்த ஆப்பிளின் எம்1 சில்லுக்குப் பிறகு, மேக்புக் ஏர் மாதிரிகளில் மின்விசிறியே இல்லை. மைக் வைத்த அதே அறையில் கணினியும் இருக்கும் வீட்டுப் பதிவில் இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது, விசிறி இரைகிற கேமிங் மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்துத் தாலாட்டுப் பதிவு செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். குறையும் உண்டு. மேக்புக்கில் நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும் அன்றைக்கு எவ்வளவோ, அவ்வளவுதான் ஆயுள் முழுக்க. பழைய சந்தையில் 8 ஜிபி எம்1 மலிவாகக் கிடைக்கிறதென்று பாயாமல், 16 ஜிபி வரும்வரை காத்திருப்பது நல்லது.

விண்டோஸில் தேர்வு அதிகம், விலை இறக்கம், பழுது பார்க்க ஆளும் உண்டு. ஒலிப்பாதைதான் சிக்கல். விண்டோஸின் வழக்கமான பாதை, பாட்டு, அழைப்பு, அறிவிப்பு மணி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பும் வேலைக்காக அமைந்தது. சாதாரணமாக அதில் தாமதம் அதிகம். அதைச் சுற்றிப் போக ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த பாதைக்கு ஏசியோ என்று பெயர். மென்பொருள் இன்டர்ஃபேஸோடு நேராகப் பேசிக்கொள்ளும். இன்டர்ஃபேஸ் செய்த நிறுவனமே தன் கருவிக்கென்று எழுதிய ஏசியோ ட்ரைவர் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். விலை குறைவென்று பெயர் தெரியாத இன்டர்ஃபேஸ் வாங்கினால் அது இருக்காது. கடைக்காரர் "ஏசியோ ஃபார் ஆல் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார். அது விண்டோஸின் பழைய பாதை மேல் போர்த்திய ஒரு பொதுப் போர்வை. அவசரத்துக்கு உதவும்; அதை நம்பிப் பொருள் வாங்கக் கூடாது. என்னைக் கேட்டால், விண்டோஸ்காரர்கள் கணினியில் மிச்சம் பிடித்து இன்டர்ஃபேஸில் போட வேண்டும்.

லேட்டன்சிமான் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. புதுக் கணினி வந்த அன்றே அதைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். எந்த ட்ரைவர் ஒலியின் தவணையைத் தடுக்கிறது என்று பெயரோடு காட்டும். பல முறை அது வைஃபை ட்ரைவராக இருக்கும். பதிவு செய்யும்போது வைஃபையை அணைத்து, மின்சேமிப்பு முறையை முழுவேகத்துக்கு மாற்றினால் பாதிக் கணினிகள் ஒழுங்காகிவிடும். மீதிப் பாதியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோய்விடலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதற்கும் முந்தைய நல்ல கணினிகள் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகின்றன. அவற்றை எழுப்பத்தான் லினக்ஸ். உபுண்டு ஸ்டுடியோ என்ற தொகுப்பு இசைப்பதிவுக்கென்றே அமைக்கப்பட்டது; இலவசம். ஆர்டர் என்ற திறமூல மென்பொருளும், ரீப்பர், பிட்விக் போன்றவையும் அதில் நேராக ஓடும். தனி ட்ரைவர் கேட்காத இன்டர்ஃபேஸ்கள் மேக்கில் போலவே இங்கும் செருகியதும் எழுந்துகொள்ளும். ஆனால் தபலா, மிருதங்கம், நாகஸ்வரம் என்று நம் வாத்தியங்களின் சாம்பிள் தொகுப்புகளில் (முன்பே பதிவு செய்து வைத்த ஒலித் துண்டுகளில்) பல கான்டாக்ட் என்ற மென்பொருளுக்காகச் செய்யப்படுபவை. அது மேக்குக்கும் விண்டோஸுக்கும் மட்டுமே உண்டு. சுற்றுவழிகள் இருக்கின்றன, தொடக்கக்காரருக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன். லினக்ஸைத் தேர்ந்தெடுப்பவர் நேரடி வாத்தியக்காரராகவும், கொஞ்சம் கணினி நோண்டும் பழக்கம் உள்ளவராகவும் இருந்தால் ஆனந்தமாக இருப்பார்.

கைபேசியும் ஐபேடும்? மெட்டுத் தோன்றும்போது பிடித்து வைக்க உதவும். ஐபோனில் கராஜ்பேண்ட் இலவசம். ஆண்ட்ராய்டில் லேட்டன்சி கருவிக்குக் கருவி வேறுபடும். முழுப் பாட்டையும் அதில் முடித்தவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் இருபது ட்ராக்கை ஐந்து அங்குலத் திரையில் நகர்த்துவது கண்ணுக்குச் செய்யும் துரோகம்.

எந்த மென்பொருள் என்பதில் எனக்கு ஒரே அளவுகோல்தான். உங்களுக்குப் பக்கத்தில், கேட்டால் சொல்லித் தரக்கூடியவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதுவே உங்களுக்கும். அப்படி யாரும் இல்லையென்றால் ரீப்பர். மூன்று இயங்குதளத்திலும் ஓடும், 60 நாள் எல்லா வசதிகளோடும் சோதிக்கலாம், தனிப்பட்டவருக்கான உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டுடியோவை விரும்புகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் சோதனைப் பதிப்பில் சேமித்த பாட்டை, மென்பொருளை வாங்கும்வரை திரும்பத் திறக்க முடியாது. விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பு குரல் பதிவுக்கு ஆகாது, அடுத்த படியான புரொடியூசர் பதிப்பு வேண்டும். இதைப் படிக்காமல் பணம் கட்டியவர்களின் புலம்பல் ஊரெல்லாம் கேட்கிறது. திருட்டுப் பதிப்பு பென்டிரைவில் வரும்போது கூடவே என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என்ன பாட்டு, எவ்வளவு கணினி

"அண்ணா, என் மடிக்கணினியில் 8 ஜிபிதான் இருக்கிறது. போதுமா?" என்று பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் கேட்டார்.

"என்ன பாட்டு போடப்போகிறாய் தம்பி?"

"இரண்டு குரல், ஒரு புல்லாங்குழல், தாளம். தாளம் நம் ஊர்க்காரர்களே அடிப்பார்கள்."

"தாராளமாகப் போதும்."

நேரடியாக வாசிப்பதைப் பதிவு செய்வது கணினிக்குக் கனமான வேலையே இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்கின் பதிவு நிமிடத்துக்கு 8.64 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டில் 20 ட்ராக் வைத்தாலும் 864 எம்பிதான். ஒரு ஜிபி கூட ஆகாது. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் ஊதுகுழலையும் பறையையும் இரண்டு மைக்கில் பிடிக்கப் பத்து வருடப் பழைய கணினி போதும். நல்ல மைக்கும், சத்தம் தாங்கும் இன்டர்ஃபேஸும், பறைக்கு எவ்வளவு தள்ளி மைக் வைப்பது என்ற அறிவும்தான் அங்கே முக்கியம்.

அறையில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்துகொண்டு, வயலின் கூட்டம், நாகஸ்வரம், பேரிகை எல்லாவற்றையும் சாம்பிள்களிலிருந்து எழுப்ப நினைக்கும்போது கதை மாறுகிறது. ஒரு நல்ல வயலின் தொகுப்பு மட்டுமே பல பத்து ஜிபி இருக்கும். வாசிக்கும்போது அதன் பகுதிகள் நினைவகத்தில் உட்கார வேண்டும். அவருக்கு 16 ஜிபி குறைந்தபட்சம், 32 இருந்தால் நிம்மதி. எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் கட்டாயம். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை எதற்கும் உதவாது. அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு விசிறிச் சத்தம்தான் மிச்சம்.

மலை கேட்கும் கேள்விகள்

இனிதான் சமவெளிக்காரர்கள் எழுதும் கட்டுரைகளில் இல்லாத பகுதி.

முதலில் மின்சாரம். காற்றும் மழையும் சேர்ந்தால் ஏதாவது ஒரு மரம் ஏதாவது ஒரு கம்பி மேல் சாயும். மடிக்கணினிக்கு அதன் பேட்டரியே காவல். பாடிக்கொண்டிருந்தவர் விளக்கு அணைந்ததைக் கவனிக்காமல் சரணத்தை முடித்துவிடலாம். அதற்கு இன்டர்ஃபேஸும் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பதாக இருக்க வேண்டும். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட்டையும் அப்படிப்பட்ட பல இன்டர்ஃபேஸ்கள் அதிலிருந்தே உண்டாக்கித் தருகின்றன. தனி அடாப்டர் கேட்கும் இன்டர்ஃபேஸை மலையில் நான் பரிந்துரைப்பதில்லை. மேசைக்கணினிக்கு யூபிஎஸ் இல்லாமல் முடியாது. மேக் உலகத்துக்குள் நுழைய மலிவான வழி மேக் மினி என்று சொல்வார்கள். அதற்கும் பேட்டரி கிடையாது என்பதையும், திரை, கீபோர்டு, யூபிஎஸ் எல்லாம் தனித்தனி என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மலிவு கொஞ்சம் கரையும்.

பழைய தோட்ட வீடுகளிலும் லைன் வீடுகளிலும் எர்த்திங் சரியாக இருப்பதில்லை. மடிக்கணினியின் உலோக உடலைத் தொட்டால் விரலில் ஒரு மெல்லிய கூச்சம் ஓடும்; பதிவில் 'ம்ம்ம்' என்று அடிநாதம் போல ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். மைக்கையும் கம்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போவார்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். ஓசை நின்றுவிட்டால் குற்றம் மின்வழியில்தான். அன்றைய பதிவைப் பேட்டரியில் முடித்துவிட்டு, அடுத்த நாள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். மூன்று முனைப் பிளக்கின் நடு முனையை உடைத்து ஓசையை நிறுத்தும் வித்தையைச் சிலர் சொல்லித் தருவார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது.

அடுத்தது ஈரம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. தினமும் ஓடும் கணினி தன் சூட்டிலேயே உலர்ந்து கொள்ளும். அலமாரியில் சும்மா கிடக்கும் இன்டர்ஃபேஸின் துளைகளும், கண்டென்சர் மைக்கின் உட்தகடும்தான் ஈரத்தில் கெடும். மைக் ஈரம் குடித்தால் பொரிவதைப் போலச் சத்தம் வரும், அதைக் கணினியின் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தால் தப்பிக்கும். இரவுப் பனியில் வண்டியில் கொண்டுவந்த கருவியை, அடுப்பு எரியும் சூடான அறைக்குள் எடுத்ததும் திறக்கக் கூடாது. பையோடு அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் மூக்குக்கண்ணாடியில் படிகிற அதே ஈரம் உள்ளே சர்க்யூட்டிலும் படியும்.

தகரக் கூரையில் விழும் மழைக்கு எந்த இயங்குதளத்திலும் மருந்து இல்லை. இரைச்சல் நீக்கும் பிளகின்கள் என்ற துணை மென்பொருள்கள் மழையோடு குரலின் பாதியையும் எடுத்துக்கொண்டு போய்விடும். மழை விடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கேத்தி, லவ்டேல் பக்கம் ரயில்பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் மலை ரயிலின் நேர அட்டவணையையும் சுவரில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். அடர்த்தி குறைந்த காற்றை விசிறி தள்ளினால் சூடு சற்றுக் குறைவாகவே வெளியேறும். ஆனால் அந்தக் காற்றே குளிராக இருப்பதால் நமக்கு நஷ்டமில்லை. மே மாதச் சென்னையில் அலறும் மடிக்கணினி இங்கே வாய் திறக்காமல் வேலை செய்யும்.

இணையம் பற்றியும் யோசிக்க வேண்டும். லாஜிக்கின் முழு ஒலித் தொகுப்பையோ பெரிய சாம்பிள் தொகுப்பையோ இறக்குவது, ஒரு கோடு சிக்னல் வரும் எஸ்டேட்டில் நடக்காத காரியம். நல்ல பிராட்பேண்ட் இருக்கும் உறவினர் வீட்டுக்கு ஒரு முறை கணினியைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். வாங்கும் மென்பொருள் அடிக்கடி இணையத்தில் உரிமம் சரிபார்க்குமா என்பதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாதச் சந்தா முறையில் வருபவை பொதுவாக அப்படிச் செய்யும்.

கடைசியாக, பழுது. சாதாரண மேசைக்கணினியின் மின்பெட்டியோ நினைவகமோ போனால், ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு கடைக்காரர் அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிடுவார். பிரபல நிறுவனத்தின் விண்டோஸ் மடிக்கணினியையும் அவர் திறந்து பார்ப்பார். மேக்கை அவர் தொடத் தயங்குவார், தயங்குவதே நல்லது. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் என்றால் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோயம்புத்தூர் மேலும் ஏறக்குறைய அவ்வளவே. கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள், வாங்கிவர ஒரு நாள். நடுவில் மண்சரிவில் சாலை அடைபட்டால் எத்தனை நாளோ. மேக் அடிக்கடி கெடாது என்பது உண்மைதான். கெடும்போது பண்டிகைப் பாட்டு பாதியில் நிற்கும் என்பதும் உண்மை.

இதனால்தான், கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை சற்று வேறாக இருக்கிறது. கையில் இருக்கும் மடிக்கணினி விண்டோஸ் 11 ஏறக்கூடியதா? அதையே வைத்துக்கொண்டு எஸ்எஸ்டியும் நினைவகமும் கூட்டி, சொந்த ஏசியோ ட்ரைவர் உள்ள இரண்டு மைக் இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். ஏறாத பழைய கணினியா? லினக்ஸ் போட்டு ஒரு பாட்டு முடித்துப் பாருங்கள். கையில் எதுவும் இல்லை, பணம் இருக்கிறது, சாம்பிள் இசைதான் செய்யப்போகிறீர்கள், சத்தமில்லாத அறை வேண்டும் என்றால், 16 ஜிபி மேக்புக் ஏர் கொடுக்கும் பணத்துக்கு நியாயம் செய்யும். கோயம்புத்தூர்ப் பயணத்தையும் அதன் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசைக்கணினி, ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிறவருக்கும், யூபிஎஸ் வைத்திருப்பவருக்கும்.

வெளியூரில் மிக்சிங் செய்து, அதாவது எல்லா ட்ராக்கையும் கலந்து சமன்செய்து கொடுப்பவர் மேக் வைத்திருக்கிறாரே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு மென்பொருளின் கோப்பை இன்னொரு மென்பொருள் பொதுவாகத் திறக்காது. ஒரே இயங்குதளமாக இருந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்கும் தனித்தனி வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்து அனுப்புங்கள். குரல் நான்காவது நிமிடத்தில்தான் வந்தாலும் கோப்பு பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டதும் தானாகப் பொருந்தும். கோப்பின் பெயரில் ட்ராக்கின் பெயரும் பாட்டின் தாள வேகமும் இருக்கட்டும்.

புதிய இயங்குதளப் பதிப்பு வந்திருப்பதாகக் கணினி கூப்பிடும்போது, பாட்டு நடுவில் இருந்தால் போகாதீர்கள். 2019-இல் வந்த மேக்கின் கேட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியது. பழைய பிளகின்களை நம்பியிருந்தவர்கள் அன்றைக்குப் பட்ட பாடு பெரிது. இன்டர்ஃபேஸ் நிறுவனமும் பிளகின் நிறுவனமும் புதிய பதிப்பில் தங்கள் பொருள் வேலை செய்யும் என்று அறிவிக்கட்டும், அதுவரை பழையதிலேயே இருங்கள். அப்டேட் செய்யும் முன் எல்லாப் பாட்டையும் ஒரு வெளி எஸ்எஸ்டியில் நகலெடுத்து, அதை வேறொரு வீட்டில், ஈரம் படாத அலமாரியில் கொடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.